கதாநாயகன் நடந்தே போகட்டும்

“முதல்ல யார் யார் வந்திருக்கோம், எங்கெங்க உக்காந்திருக்கோம்னு எழுதிக்கிறேன். அப்பறம் சண்டை போடுங்க” என்று பேனா மூடியைக் கழற்றினார் பெரியண்ணன்.

எதையும் வரிசையாகச் செய்தால்தான் அவருக்குக் கை ஓடும். ஜன்னலோரம் ஒல்லி, மாவுக்கட்டுப் போட்ட கால் முக்காலி மேல். அலமாரியை ஒட்டிக் குண்டு, இடுப்பில் பட்டை. கதவருகே தட்டச்சு அக்கா, கழுத்தில் பட்டை. நடுவில் பெரியண்ணன், வீங்கிய முழங்காலுக்கு அடியில் தலையணை.

சுவர் நிறைய சுவரொட்டிகள். இடப்பக்கம் ‘பனிக்கழுகு’ படங்கள், வலப்பக்கம் ‘எட்டாம் சாவி’ படங்கள். இரண்டிலும் கதாநாயகன் உளவாளி. இரண்டுக்கும் அடுத்த பாகம் வருகிற மாதம், அதுவும் ஒரே வாரத்தில்.

“என்னைக் கேட்டா சாவிக்காரன்தான் மேல்” என்று ஆரம்பித்தான் ஒல்லி. “பாதிப் படம் கோட்டு போட்டுக்கிட்டு சீட்டாடுவான். கடைசியிலதான் தண்ணியில குதிப்பான்.”

“உனக்கு நீச்சல் தெரியும், நீ பேசுவ” என்றான் குண்டு. “கழுகு எங்க குதிச்சாலும் தரையில குதிப்பான்.”

“ஆமா, மூணாம் பாகத்துல காத்துக்குழாய்க்குள்ள தவழ்ந்தானே, அதனாலதானே நீயும் தவழ்ந்த? தீயணைப்பு வண்டி வந்துல்ல உன்னை உருவுச்சு.”

“அவனுக்குத் தொப்பை கிடையாதுடா. அது என் தப்பா?”

“பழசை விடுங்க” என்றாள் அக்கா, தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி. “புதுசோட முன்னோட்டம் பாத்தீங்களா? கழுகு ஹெலிகாப்டர்லேருந்து ஓடுற ரயில் மேல குதிக்கிறான். சாவிக்காரன் மணிக்கூண்டு முள்ளைப் பிடிச்சுத் தொங்குறான். ஒத்தைக் கையில.”

எல்லாரும் அவரவர் உடம்பில் மிச்சமிருந்த நல்ல பாகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்கு மணிக்கூண்டே தேவலாம்” என்றான் குண்டு. “முள்ளு கீழ வர வர நாமளும் இறங்கிடலாம்.”

“மேல போற முள்ளாப் போச்சுன்னா?” என்றான் ஒல்லி.

குண்டு இடுப்புப் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டான்.

பெரியண்ணனுக்குக் கவலை முழங்காலைப் பற்றி மட்டுமல்ல. நேற்று அவர் வீட்டுக்காரம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டாள். “பேரன் எடுக்கிற வயசுல உங்களுக்கு என்ன சினிமாப் பைத்தியம்? இன்னொரு படம் வந்து, இன்னொரு கட்டோட வாசப்படி மிதிச்சீங்க, நான் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிடுவேன். சும்மா சொல்லல.” அவர் “பைத்தியம்தாம்மா” என்று ஒத்துக்கொண்டார். வேறென்ன சொல்வது?

“எழுதறேன், கேளுங்க” என்றார். “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கும் இடத்திலிருந்து எழுதுகிறோம். வரும் பாகத்தில் கதாநாயகன் குதிக்காமலும் தொங்காமலும் தவழாமலும் நடந்தே போய் வெற்றி பெறும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.”

“லிஃப்ட் இருக்கிற கட்டடமாப் பாத்துப் போகச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“நடுவுல சாப்பிடட்டும்” என்றான் குண்டு.

“படத்தைத்தான் எடுத்து முடிச்சிருப்பாங்களே?” என்றான் ஒல்லி.

“குதிக்கிறதை மட்டும் வெட்டச் சொல்லுவோம்” என்றார் பெரியண்ணன். “ஹெலிகாப்டர்ல ஏறினான். அடுத்தாப்ல ரயில்ல உக்காந்திருக்கான். இடையில என்ன நடந்துச்சுன்னு யாரு கேக்கப்போறா?”

நியாயமாகத்தான் பட்டது. அதையும் சேர்த்து, இரண்டு படக் கம்பெனிகளுக்கும் தனித்தனியாக எழுதி, உறைகளில் போட்டு, பசை காயும்வரை ஊதினார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்க்கடைக்காரர் மேலே வந்தார். குழாய் விற்பவர், இந்த மாடியை வாடகைக்கு விட்டவரும் அவர்தான்.

“என்ன, மன்றத்துப் பெருசுங்களா? படம் வர்றதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு கட்டா?” என்று வாசலிலேயே சிரித்தார். “கடிதமா? குடுங்க, எதிர்ல தபால்பெட்டியில போட்டுடறேன். நீங்க இறங்குறதுக்குள்ள தபால்காரர் வந்து பெட்டியையே காலி பண்ணிடுவார். ஆமா, அனுப்புநர் இடம் காலியா இருக்கே?”

“ரசிகர் மன்றம்னு போட்டுக்குங்க” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

அவர் அப்படியே எழுதிவிட்டு, சிரித்தபடியே படியிறங்கினார். காலடிச் சத்தம் அடங்கியதும், சுவரொட்டிகளுக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது. பெரியண்ணன் பனிக்கழுகின் முகத்தை மெல்ல விலக்கி, வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாத அந்தத் தொலைபேசியை எடுத்தார்.

“முன்னோட்டம் பாத்தேன்யா” என்றார் மேலதிகாரி. “என்னமா குதிக்கிறான். நம்ம உளவுத்துறை மட்டும் இன்னும் பஸ்ல போயிட்டிருக்கு. படம் வர்றவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? பக்கத்து நாட்டுத் தூதரகத்துல நாளைக்கு அந்த ரகசிய ஃபைலை எடுக்கப் போறீங்கல்ல, ஹெலிகாப்டருக்குச் சொல்லிட்டேன்.”

“தூதரக வாசல்லயே பஸ் நிக்கும் சார்” என்றார் பெரியண்ணன், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி.

“கழுகு என்ன பஸ்லயா போனான்?” என்று தொலைபேசி கேட்டபோது, எதிர்ச்சாரியில் தபால்பெட்டி இரண்டு உறைகளையும் விழுங்கிக்கொண்டிருந்தது.