சுபேதாருக்கு ஒரு நாற்காலி

மேசையின் தலைப்பக்கத்தில் கர்னல் துரை உட்கார்ந்திருந்தார். இருபுறமும் இரண்டு வெள்ளைக்காரக் கேப்டன்கள். பட்டாளத்து ராயசமான நான் கடிதம் எழுதத் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுபேதார் இருளப்பச் சேர்வை, தொடையில் கட்டோடு, நின்றுகொண்டிருந்தார். நம்மவர் யாருக்கும் அந்தக் கூடாரத்தில் நாற்காலி கிடையாது.

வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க வேண்டாமென்று முந்தின நாளும் அவர் நின்றபடிதான் சொன்னார். "வாயை மூடு, கிழவா" என்றார் கர்னல். சேர்வையின் ஆட்களில் பாதிப் பேரை ஆறு கொண்டுபோயிற்று.

இப்போது மேலிடத்துக்குக் கடிதம். துரை சொல்லச் சொல்ல, அந்த அக்கிரமத்தை என் கையாலேயே இங்கிலீஷில் எழுதி முடித்தேன்.

"என்ன எழுதச் சொன்னாரு, பிள்ளைவாள்?" என்று சேர்வை என்னிடம் கேட்டார்.

"ஆலோசனையில நீங்களும் கூட உட்கார்ந்து, கடக்கலாம்னு சொன்னீங்களாம். உங்க பதவியைப் பறிக்கணுமாம்."

"உட்கார்ந்தேனா? நானா?" சேர்வை சிரித்துவிட்டார். சுருட்டுப் பற்றவைக்க ஒரு கேப்டன் எழுந்ததும், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அடிபட்ட காலை நீட்டி உட்கார்ந்தார்.

கர்னல் அரக்கில் முத்திரையை அழுத்திக்கொண்டே, "எழுந்திரு!" என்று கத்தினார்.

"கடுதாசில உட்கார வச்சது நீங்கதானே, துரை."

வெளியே கடிதம் குதிரையேறிப் புறப்பட்டது. சேர்வை எழுந்திருக்கவில்லை.