ஜாக்கியை இறக்கியவன்

"ஆமா, நான்தான் இறக்கினேன். அதுக்கு என்ன இப்ப?"

வாசலில் கார் நாலு சக்கரத்திலும் தரையில் நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதன் முன்பக்கம் ஜாக்கி மேல் இருந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஆயில் மாற்றுவதற்காக அடியில் சாக்கு விரித்துப் படுத்தார். ஸ்பேனரை மறந்துவிட்டதால் எழுந்து உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் கார் உட்கார்ந்துவிட்டது. சாக்கின் ஓரம் டயருக்கு அடியில். பக்கத்தில் நின்றது நான் மட்டும்.

"நான் அடியில இருந்திருந்தா என்னடா ஆகியிருக்கும்?"

"அதைத்தான் காலையில இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை பிறந்தநாளுக்கென்று அவர் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய ஜாக்கி அது. இன்றைக்குத்தான் முதல் வேலை. போன வருஷம் அவர் கொடுத்த சுவர்க் கடிகாரம் இரண்டே மாசத்தில் நின்றுவிட்டது. "எங்க மாமனார் கணக்குல எப்பவும் மணி பத்தே கால்தான்" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

"டயர் கடையில நாலு மாசம் நின்னதும் தொரை இன்ஜினியர் ஆயிட்டார்," என்றார் மாமா. "பள்ளிக்கூடத்தையே முடிக்கத் துப்பில்லை."

"முடிக்கலைதான். ஆனா எங்க கடையில வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில தலையைக் கொடுக்க மாட்டாங்க. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டுத் தூக்கணும். தூக்கினதும் ஸ்டாண்டு மேல உட்கார வைக்கணும். அப்புறம்தான் படுக்கணும்."

அஞ்சு நிமிஷ வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அவர் மறுபடி ஜாக்கியைக் கையில் எடுத்தார்.

"ஸ்டாண்டு இல்லாம படுத்தா மறுபடியும் இறக்குவேன். எத்தனை தடவை ஏத்தினாலும் இறக்குவேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். திமிர், வேறென்ன என்றாள். அப்பா கையையே ஓங்கிவிட்டார். நான் நகரவில்லை.

மாமா விறுவிறுவென்று தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். இரண்டு ஸ்டாண்டோடு வந்தார். வீம்புக்கு இரண்டு மரக்கட்டை வேறு. கட்டைகளைப் பின் சக்கரங்களுக்கு அடியில் உதைத்துச் செருகினார். ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார். ஜாக்கியை உருவி என் காலடியில் தள்ளினார். காரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்ப இறக்குடா, பார்க்கலாம்."

"இப்ப முடியாது, மாமா."

ஜெயித்துவிட்ட முகத்தோடு அடியில் போனார்.

வேலை முடிந்து அவர் குளிக்கப் போனதும் அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என் மானத்தை வாங்கிட்ட. ஜாக்கியைத் துடைச்சு டிக்கியில வை. மாப்பிள்ளை வந்ததும் மன்னிப்புக் கேளு."

துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஜாக்கியின் உள்ளிருந்து ஆயில் கசிந்தது. டிக்கியில் வைக்கவில்லை. என் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்குக் கடையில் கசிகிற சீலை மாற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிடலாம்.

மன்னிப்பும் கேட்கவில்லை. கார் இறங்கியபோது நான் ஜாக்கியைத் தொடவே இல்லை.