கேப்டனுக்கு வரும் மெயில்

செத்துப்போன கேப்டனுக்கு அன்று காலையும் மெயில் வந்திருந்தது. வந்தது அவருடைய பெட்டிக்கு அல்ல. படகுக் கம்பெனி ஆபீசில் இருந்த எல்லாருடைய திரைக்கும்.

"எதுவினோ, நேத்து ராத்திரி காத்து கதவைத் தள்ளுச்சு. நீங்கதான் வந்துட்டீங்கன்னு எழுந்து போய்த் திறந்தேன்." இப்படி ஆரம்பித்திருந்தாள் கேப்டன் எதுவினோவின் மனைவி ஒதிலியா.

"உயிரோட இருந்தவரைக்கும் மெயிலைத் திறந்தே பார்க்காத மனுஷன்," என்றாள் டிக்கெட் கொடுக்கும் ஓர்தென்சியா. "செத்த பிறகு நம்மளைப் படிக்க வைக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிலோவே தீவில் கடல் கொண்டுபோன ஆளைப் பற்றிச் சிரிக்க மாட்டார்கள். படகோட்டிகள் இப்போதெல்லாம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் படகில் கால் வைக்கிறார்கள்.

முதல் மெயிலில், விறகெல்லாம் நனைந்துவிட்டது, அடுப்பு பற்றவில்லை என்று எழுதியிருந்தாள். மனசு கேட்காமல் மறுநாளே படகோட்டிகள் காய்ந்த விறகைக் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கேப்டன் கடைசியாகப் போன காலையைப் பற்றித்தான்.

அன்றைக்குக் காற்றுக்காகத் துறைமுகத்தை மூடியிருந்தார்கள். சொல்லச் சொல்லக் கேட்காமல் கேப்டன் தானே படகை எடுத்துக்கொண்டு போனார் என்று மேனேஜர் தோன் எவரிஸ்தோ எழுதிக் கொடுத்தார். கோட்டுப் போட்டவன் எழுதினால் மறுபேச்சு ஏது? கதை முடிந்தது. கேப்டன் பெயர் கெட்டது.

இன்றைய மெயிலின் கடைசி வரி இது: "போக மாட்டேன்னு நீங்க ஃபோன்ல சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அந்தப் பக்கம் யாரு கத்தினாங்கன்னும் எனக்குக் கேட்டுச்சு."

தோன் எவரிஸ்தோ மாத்தே தேநீர்க் கோப்பையோடு சர்வர் அறைக்குள் வந்தார். அங்கே நிபால்தோ உட்கார்ந்திருந்தான். மெயில் வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"அந்த ஆள் பேரை அழிச்சியா இல்லையா?"

"அடக்கத்துக்கு மறுநாளே அழிச்சுட்டேன் தோன் எவரிஸ்தோ. நீங்களே பாருங்க." எந்தப் பெயருக்கு வரும் மெயில் யார் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்து காட்டினான். அதில் கேப்டன் பெயர் இல்லை.

"இல்லாத பேருக்கு வர்றது எனக்கு எப்படிய்யா வருது?" மேனேஜர் கையில் மாத்தே ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடிக்கவில்லை. "பாதிரியாரைக் கூட்டிட்டு வரவா?"

"சர்வர் மேல தீர்த்தம் தெளிச்சா அவருக்குத்தான் ஷாக் அடிக்கும்."

"நக்கல் பண்ணாதே. இன்னிக்கே இது நிக்கணும். இல்லேன்னா நீயும் கிளம்பு."

மேனேஜர் போனதும் நிபால்தோ அந்த ஃபைலையே வெறித்துக்கொண்டிருந்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

படகைக் காணாமல் தேடிய நாட்களில், எந்தத் துறைமுகத்திலிருந்து கேப்டன் பெயருக்குத் தகவல் வந்தாலும் யார் கண்ணிலாவது படட்டும் என்று, அதை எல்லாருக்கும் போகும்படி வைத்தவன் அவன்தான். அடக்கம் முடிந்ததும் ஃபைலில் அந்த வரியை அழித்தான். ஆனால் சர்வர் அந்த ஃபைலைப் பார்ப்பதே இல்லை. அதிலிருந்து கட்டி வைத்த டேட்டாபேஸைத்தான் பார்க்கும். ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் ஒரு கட்டளை கொடுத்து அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். அழுத கண்ணோடு வேலை பார்த்தவன் அதை மறந்துவிட்டான். இந்தப் பெட்டிகளின் குணம் அது. இப்போது சொல்வதைக் கேட்காது, எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கட்டளையை அடித்தால் இப்போதே நின்றுவிடும். கை கீபோர்டு வரை போய் நின்றது. ஒரு பொம்பளை செத்த புருஷனிடம் மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னதை ஊரே படித்திருக்கிறது. முதலில் அவளிடம் போய்ச் சொல்லாவிட்டால் அவன் மனுஷனே இல்லை.

மழையிலேயே நடந்து போனான். ஒதிலியா அடுப்பின் மேல் மில்காவோ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த கோட்டைக் கூடக் கழற்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"தப்பு என்னுதுதான் தோன்யா ஒதிலியா. நீங்க அவருக்கு எழுதினதெல்லாம் ஆபீஸ்ல எல்லாரும் படிச்சுட்டாங்க. என்னைத் திட்டிடுங்க. ஆபீசுக்குப் போன உடனே நிறுத்திடறேன்."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. உருளைக்கிழங்கு ரொட்டியை நிதானமாகத் திருப்பிப் போட்டாள்.

"மேனேஜரும் படிச்சாரா?"

"முதல் ஆளா படிக்கிறாரு. ஒரு வாரமா சாப்பாடு இறங்கலை. கதவு ஆடினாக்கூடத் திரும்பிப் பார்க்கிறாரு. பாதிரியாரைக் கூப்பிடணுங்கிறாரு."

"என்ன சொல்லணுமாம் பாதிரியார்கிட்ட?"

"தெரியலை தோன்யா. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு."

ஒதிலியா ஒரு மில்காவோவை எடுத்து அவன் கையில் சூடாக வைத்தாள். நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து சாப்பிடு தம்பி. எதையும் நிறுத்தாதே. விறகு வந்து இறங்கின நாள்லேர்ந்து நான் அந்த எவரிஸ்தோவுக்குத்தான் எழுதிட்டிருக்கேன்."