கர்ர்ர் சத்தம்

"இன்னைக்காவது அந்த லெட்டரைக் கொடுப்பியா, இல்ல பையிலேயே வச்சு அடைகாக்கப் போறியா?"

பக்கத்து சீட் அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டார். அவள் மேசை மேலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் பேசுவதென்றாலே அவளுக்குப் பயம். அது அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். வேதியியல் படித்துவிட்டு, வேறு எதுவும் கிடைக்காமல், ஃபிரிட்ஜ் ரிப்பேர் சென்டரில் புகார் கேட்கும் வேலைக்கு வந்தவள். இப்போது ஒரு பால் கம்பெனியின் லேபில் இடம் கிடைத்திருந்தது.

"ஆஃபர் கைக்கு வராம ராஜினாமா பண்ணாதன்னு சொன்னதே நான்தான். அதான் வந்துடுச்சுல்ல? இன்னைக்கு நோட்டீஸ் கொடுத்தாதான் அவங்க சொன்ன தேதியில சேர முடியும். நாளைக்குன்னா வேற ஆளைப் பார்த்துப்பாங்க."

"தெரியும்க்கா."

"லேபுக்குள்ள போனே இருக்கக் கூடாதாம். வாயைத் திறக்க வேண்டாம், சோதனைக் குழாயோட குடித்தனம் பண்ணலாம். உனக்குன்னே செஞ்ச வேலைடி! சின்ன வயசுல யார் வந்தாலும் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்பேன், வீட்டுல சுண்டெலின்னுதான் கூப்பிடுவாங்கன்னு சொன்னியே..."

"இப்ப அப்படிக் கூப்பிட யாருமில்லக்கா."

அக்கா குரலைத் தணித்தார். "வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"உடனே எழுதிக் கொடுன்றார்."

"உங்க அப்பா?"

"நான் பிடிச்சவரைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே, இனிமே உனக்கும் எனக்கும் பேச்சில்லன்னு சொல்லிட்டார்க்கா. அவர் சொன்னா சொன்னதுதான்."

அதற்குள் மெக்கானிக் உள்ளே வந்து கருவிப் பையைத் தொப்பென்று தரையில் போட்டார். "கர்ர் சார் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். மறுபடியும்!"

அக்கா சிரித்துவிட்டார். கர்ர் சாரைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை. ஃபிரிட்ஜ் கர்ர் என்று சத்தம் போடுவதாக அடிக்கடி போன் செய்வார். ஆள் போய்ப் பார்த்தால் அது சாதுவாக நிற்கும்.

"என்னைவிட ஆரோக்கியமா இருக்கு அந்த ஃபிரிட்ஜ். சத்தம் கேட்குதான்னு காதை வச்சு வச்சு, என் காதுதான் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

"உள்ளே சாப்பிட ஏதாவது வச்சிருந்தாரா?" என்று அவள் கேட்டாள்.

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாம ரிப்பேர் கம்பெனியா, மளிகைக் கடையாம்மா? ரெண்டு தண்ணி பாட்டில், வெட்டின எலுமிச்சம்பழம் பாதி. போதுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர் போனை நான் எடுத்தா டக்குன்னு வச்சிடுவார். இவ எடுத்தா மட்டும் விடமாட்டார்," என்றார் அக்கா. "அந்தாளுகிட்ட இருந்து தப்பிக்கவாவது வேலையை விட்டுத் தொலை!"

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானார். அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பார்த்துவிட்டு, வா என்று சைகை காட்டினார்.

போன் அடித்தது.

அக்கா எடுத்தார். "வணக்கம், சர்வீஸ் சென்..." பாதியிலேயே உதட்டைப் பிதுக்கினார். "கட் பண்ணியாச்சு. உன் ஆளுதான்."

மறுபடி அடித்தது. மேனேஜர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்ற குரல் முடியும்வரை காத்திருந்தாள். பதிவானதை எல்லாம் மேனேஜர் கேட்பார். யாராவது சொந்தக் கதை பேசியிருந்தால் தொலைந்தார்கள்.

"வணக்கம் சார். சொல்லுங்க."

"அந்தச் சத்தம்... மறுபடி வருதுங்க."

"மெக்கானிக் இப்பதானே வந்து பார்த்தார் சார்?"

"அவர் போனதும் வந்துடுச்சு."

"எப்ப அதிகமா கேட்குது சார்?"

"எப்பவும்தாங்க. வீட்டுல வேற சத்தமே இல்லையே."

"ஃபிரிட்ஜைக் காலியா வைக்கக் கூடாது சார். பால், முட்டை, காய்கறி எல்லாம் வாங்கி வைங்க. அப்பதான்... நல்லா ஓடும்."

"வைக்கிறேங்க."

அவள் கண்ணாடி அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். "சார், எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்கே இங்க எழுதிக் கொடுக்கணும். அப்புறம் நீங்க கூப்பிட்டா வேற யாராவதுதான் எடுப்பாங்க."

மறுமுனையில் ஃபிரிட்ஜ் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"படிச்ச படிப்புக்கு ஏத்த வேலைங்களா?"

"ஆமா சார்."

"அப்ப தள்ளிப்போடாதீங்க. உடனே கொடுத்துடுங்க."

"சரி சார்."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பிறகு அந்தக் குரல் உடைந்தது.

"அங்க போன் இருக்குமா, சுண்டெலி?"