குழிக்குள் இறங்கிய கடப்பாரை

அன்று குழியோரம் இருந்தவர்கள் நால்வர்: மனைக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய மகன், மருமகன், ஆதிமனிதர் வாழ்ந்த தடயம் தேடி அந்தக் குழியைத் தோண்டிய தொல்லியல் துறை அம்மா.

அந்த மனையில் உறவினர் எல்லாருக்கும் வீடு எழும் என்று பெரியவர் வாக்குக் கொடுத்து எட்டு மாதமாயிற்று. ஆய்வு முடியாமல் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

"உங்க வாக்கும் மண்ணுக்குள்ளதான் கிடக்கா மாமா? அதையும் அந்தம்மாவே தோண்டி எடுக்கட்டும்" என்று சிரித்தான் மருமகன்.

பெரியவர் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதே வேகத்தில் அங்கே கிடந்த கடப்பாரையோடு குழிக்குள் குதித்தார்.

"ஐயா, நில்லுங்க! நான் சொல்ல வந்தது..."

"எட்டு மாசமா சொன்னது போதும்மா! நாலு பானை ஓட்டுக்காக என் குடும்பம் தலைகுனியணுமா?"

குழிச்சுவர் சரிந்தது. ஓடுகள் தெறித்தன. தடுக்க வந்த மகனின் நெற்றி பிளந்தது. கடப்பாரையைப் பற்றிய தொல்லியல் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

"அப்பா, போதும்ப்பா!"

ரத்தம் வழிய மகன் கதறியும் அவர் நிறுத்தவில்லை. அடிமண்ணில் கடப்பாரை ஆழமாக இறங்கிய பிறகுதான் மூச்சு வாங்க நின்றார்.

இன்று அந்த மனையைச் சுற்றி அரசு வேலி. இனி அங்கே வீடு எழாது.

கை முறிந்த ஆத்திரத்தில் அந்தம்மா பழிவாங்கிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். 'இங்கே பாதுகாக்க ஒன்றுமில்லை, கட்டலாம்' என்று அன்று காலையே அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைச் சொல்லத்தான் வந்தார். அவர் தோண்டாமல் விட்ட ஆழத்திலிருந்த ஆதிமனிதரின் அடுப்பையும் எலும்புக்கூட்டையும் வெளியே காட்டியது பெரியவரின் கடப்பாரைதான்.