ஆளில்லாத தெரு

கிட்ட வந்து உக்காருங்க. இதைச் சத்தமாகச் சொன்னால் வேடியப்பனுக்கு இன்றைக்கும் வம்பு.

எழுபத்தெட்டாம் வருஷம். அடி அண்ணாமலையில் ரோட்டோரமாக வேடியப்பனுக்கு டீக்கடை, பின்னாலேயே வீடு. மகள் திரௌபதி டவுனில் பத்தாவது படித்தாள். பள்ளியில் அவளை ஓட்டப்பந்தய டீமில் சேர்த்திருந்தார்கள்.

கிராஸ் கன்ட்ரி என்று அதற்குப் பேர். மைதானத்தையே சுற்றுகிற ஓட்டம் இல்லை. ரோடு, ஏரிக்கரை, மேடு பள்ளம் எல்லாம் தாண்டி ஓடணும். டீமுக்கு நாலு பேர். நாலு பேரும் ஓடி முடித்தால்தான் கணக்கு. முதல் இரண்டு டீம் வேலூரில் ஜில்லா போட்டிக்குப் போகலாம்.

வந்த வினை என்னவென்றால், அந்த வருஷம் பந்தயம் போகிற வழி வேடியப்பன் கடை வாசல்.

விஷயம் தெரிந்ததும் கடை பெஞ்சில் அதே பேச்சு. வேடியப்பனின் மச்சான் முருகையன்தான் ஆரம்பித்து வைத்தார்.

“என்னா மாப்ள, நம்ம திரௌபதி அரை டிராயர் போட்டுக்கினு ஊர் நடுவுல ஓடப் போவுதாமே? ஞாயித்துக்கெழம நாங்க எல்லாரும் இங்கதான். டீய ஸ்ட்ராங்கா போடு, உக்காந்து பாக்கறோம்.”

பெஞ்சே சிரித்தது. பெண்ணைப் படிக்க அனுப்பினால் இப்படித்தான், நிறுத்திவிடுவதே மரியாதை என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார்.

வேடியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “எம் பொண்ணு இந்தத் தெருவுல ஓடறத எவனாவது பாத்தேன்னு சொல்லட்டும். அன்னியோட படிப்பு முடிஞ்சுது. கால ஒடச்சி வீட்ல குந்த வெச்சிடறேன்.”

உள்ளே திரௌபதி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பி.டி. டீச்சர் ஜோதியம்மாள் ஒருநாள் பஸ் ஏறி வந்து கெஞ்சிப் பார்த்தார். இவள் இல்லையென்றால் டீமே இல்லை, மற்ற மூணு பெண்களும் வருஷம் பூரா ஓடிப் பழகியது வீண் என்றார். வேடியப்பன் டீயை நீட்டியதோடு சரி. டீச்சர் கிளம்பும்போது மட்டும் வேடியப்பன் ஒன்று கேட்டார்.

“எத்தினி மணிக்கு எங்க ஊரத் தாண்டுவாங்க?”

“எட்டரை இருக்கும்.”

சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. கையில் கழியோடு நிற்கப்போகிற மனுஷனுக்கு நேரத்தை வேறு சொல்லிவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத் திரௌபதி இருட்டோடு கிளம்பிப் போனாள்.

ஆரணி, போளூர் பெண்கள் எல்லாம் கேன்வாஸ் ஷூ போட்டு நின்றார்கள். நம்ம பெண்கள் வெறுங்கால். கேப்டன் பாஞ்சாலை ஒரு யோசனை சொன்னாள். ஊர் வந்ததும் மூணு பேரும் திரௌபதியைச் சுற்றி மறைத்துக்கொண்டு ஓடுவது, அவள் நடுவில் தலையைக் குனிந்துகொள்வது.

“எங்கப்பாவுக்கு என் நிழல் தெரிஞ்சாலே போதும்டி,” என்றாள் திரௌபதி.

ஆனாலும் அப்படித்தான் ஓடினார்கள். மறைப்பதற்காக வேகத்தைக் குறைத்ததில் ஆரணிப் பெண்கள் ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போய்விட்டார்கள். வேலூர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஊர் திருப்பம் வந்தது.

தெருவில் ஒரு ஆள் இல்லை.

டீக்கடை பெஞ்சு கவிழ்ந்து கிடந்தது. பாய்லரில் புகை இல்லை. வரிசையாக வீடுகள், எல்லாக் கதவும் பூட்டு. ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“எங்கடி உங்க ஊரு?” என்றாள் பாஞ்சாலை, மூச்சு வாங்க.

திரௌபதி தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பிறந்து வளர்ந்த தெருவில் முதல் தடவையாகக் காலை வீசிப் போட்டு ஓடினாள். அவளுக்கு ஈடு கொடுக்க மற்ற மூணு பேருக்கும் நாக்குத் தள்ளியது. ஏரிக்கரை ஏறுவதற்குள் ஆரணிப் பெண்களைப் பிடித்துவிட்டார்கள்.

மத்தியானம் தாவணியோடு, படபடப்போடு வீடு திரும்பினால், கடைக்கு முன்னால் ஊரே நிற்கிறது. ஆண், பெண் எல்லார் கையிலும் காலி டின். வெயிலில் முகம் கறுத்து, ஆளாளுக்கு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ராஜம்மாள்தான் சொன்னாள். வேட்டவலம் ரோட்டில் லாரி வந்து நிற்கிறதாம், ரேஷன் கார்டே வேண்டாமாம், டின்னை நீட்டினால் கிருஷ்ணாயில் ஊற்றுகிறார்களாம் என்று சேதி வந்ததாம். ஊரே பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. உச்சி வெயில் வரைக்கும் நின்றும் லாரி வரவில்லை.

“யாரும்மா சொன்னது?”

“உங்கப்பாதான் விடியறதுக்குள்ள வீடு வீடாப் போயி எழுப்புனாரு. பஸ்ல யாரோ சொன்னாங்களாம். பாவம், அவரும்தான் எங்களோட நின்னாரு.”

வேடியப்பன் டின்னோடு உள்ளே வந்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். மகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“எத்தினியாவது?”

“டீமு... ரெண்டாவதுப்பா.”

“அப்ப வேலூரு.” சொம்பைக் கவிழ்த்து வைத்தார். “அங்க நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் இருக்க மாட்டான். நல்லா ஓடு.”

வெளியே முருகையனின் குரல் ஏறியது. “இந்தப் புரளியக் கெளப்புனவன் எவனோ, அவன் குடும்பமே வெளங்காது.”

வேடியப்பன் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“மச்சான், குடும்பத்த எதுக்கு இழுக்கற? அவன மட்டும் திட்டு,” என்று சொல்லிவிட்டு, எல்லாரையும்விட ஜாஸ்தியாக அவரே திட்ட ஆரம்பித்தார்.