உடலைக் கொண்டு வா

அது 1932ஆம் ஆண்டு. மறியலின்போது போலீசார் பிடித்துச் சென்ற மகன் வலியுல்லாவுக்காக மனு எழுதும்படி கேட்டு, மயிலாப்பூர் வக்கீல் வீட்டு முன்னறையில் ஹாஜிரா பீ நின்றிருந்தாள்.

“‘உடலைக் கொண்டு வா’ன்னு ஒரு மனு கீதாமே ஐயா? அதைத்தான் எழுதணும்.”

குமாஸ்தா சுப்புராயன் பெருமிதத்தோடு பேனாவை எடுத்தார். தாம் பயின்ற சட்ட நூல்களை எடுத்துரைக்க இத்தகைய வாய்ப்பு அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

“பலே! யாரும்மா சொன்னது?”

“எங்க தெரு பீர் முஹம்மது. சர்க்காரே அதுக்குக் கட்டுப்படணுமாமே?”

“சர்க்கார் இன்னா, ராஜாவே கட்டுப்படணும்! எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே சீமையில பிரபுங்க ஒண்ணுசேர்ந்து, ராஜா இஷ்டத்துக்கு ஆளைப் புடிச்சு அடைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க.”

அவள் கண்கள் கலங்கின. “அப்ப குடுத்துருவாங்களா?”

“ஜட்ஜு முன்னாடி கொண்டாந்து நிறுத்தித்தான் ஆவணும்.”

“நிறுத்துவாங்களா?” ஹாஜிரா பீ குழம்பினாள்.

சுப்புராயன் நகைத்தார். “உடல்னு கேட்டுப் பயந்துட்டியா? அது சட்ட பாஷைம்மா. உசுரோட கீற ஆளைத்தான் அப்படிச் சொல்றது.”



“உசுரு நேத்தே லாக்கப்புல போயிடுச்சு ஐயா. அடக்கம் பண்ணக் கேட்டா, ஒடம்பைத் தர மாட்டேங்கறாங்க. இந்த மனு அதுக்குத்தான்னு நெனைச்சு வந்தேன்.”

சுப்புராயனின் பேனா காகிதத்தைத் தொடாமலே நின்றது.

“அந்தப் பிரபுங்க இதுக்கு ஒண்ணும் எழுதி வாங்கலியா ஐயா?” என்று கேட்டாள் ஹாஜிரா பீ.